ஏழு புள்ளி மூன்று

சாத்தங்குறிச்சிப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியின் மதில் சுவருக்குள் எடை குறைந்துபோன வருஷத்தில், அதை ஊருக்கு முதலில் காட்டிக்கொடுத்தவை சுதந்திர தினத்துப் பூக்கள். பஜார் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் ஆண்கள் பள்ளியின் மைதானத்தில் ஜல்லியும் மணலும் கொட்டிக் கிடந்ததால் இரண்டு பள்ளிக்கும் சேர்த்து இங்கேயே கொடியேற்றுவது என்று முடிவாகி, இரண்டையும் ஒரே கையில் பிடித்து நடத்திவந்த கமிட்டியின் செயலாளர் தனுஷ்கோடி அண்ணாச்சி வேட்டி மொடமொடக்க வந்து கயிற்றை இழுக்க, கொடி விரிய, உள்ளே பொதிந்து வைத்திருந்த கேந்திப்பூ இதழ்கள் வெளியே வந்து, விழவேண்டிய வேகத்தில் விழாமல் ஆடி ஆடி இறங்கி, தேசிய கீதம் பாதி முடிந்த பிறகுதான் அண்ணாச்சியின் வழுக்கையில் வந்து உட்கார்ந்தன. அண்ணாச்சி சல்யூட் அடித்த கையோடு மேலே பார்த்தார். பையன்கள் சிரித்தார்கள். பெண்பிள்ளைகள் சிரிக்கவில்லை, அவர்களுக்கு ஜூலை மாதமே தெரியும்.

தெரியுமே தவிர யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கரும்பலகையை அழித்தால் சாக்பீஸ் தூள் கீழே இறங்க மனசில்லாமல் முதல் பெஞ்சுக்காரிகளின் எண்ணெய் வைத்த தலைகளுக்கு மேல் நின்றது; ஸ்கிப்பிங் கயிற்றைச் சுழற்றுகிறவள் கை ஓய்ந்து போகிறவரைக்கும் குதிக்கிறவள் களைக்கவில்லை; சத்துணவு அரிசி மூட்டையை ஸ்பிரிங் தராசில் மாட்டினால் நாலில் ஒரு பங்கைக் காணோம், ஆயாதான் எடுத்துவிட்டாள் என்று பேச்சாகி, அவள் அழுதுகொண்டே மூட்டையை ரோட்டுக்கு இழுத்துப்போய் மாட்டிக் காட்டினால் அங்கே எடை சரியாக நின்றது. தலைமையாசிரியை அன்னத்தாய் டீச்சர் காலைப் பிரார்த்தனையில் மைக்கைப் பிடித்து, "இங்க ஒண்ணும் நடக்கல. நடக்காத ஒண்ணப் பத்தி வீட்ல போய்ப் பேசக்கூடாது" என்று சொல்லிவிட்டார். அதோடு விஷயம் ஊர் முழுக்கப் பரவியது.

பரவி, இரண்டு மாதத்தில் பழகியும் போயிற்று. பழைய கிணற்றை மூடியதால் வந்தது என்றார்கள் சிலர், கல்குவாரி வெடியால் வந்தது என்றார்கள் சிலர், காரணம் தேடித் தேடிச் சலித்தபிறகு தண்ணீர் வரும் நேரத்தையும் பஸ் வரும் நேரத்தையும் போல இதையும் வைத்துக்கொண்டார்கள். காலையில் கேட்டுக்குள் நுழையும் பிள்ளைகள் முதல் எட்டைச் சின்னக் குதியாக வைக்கப் பழகினார்கள். சாயங்காலம் வெளியே போகும்போது ஒவ்வொருத்தியும் கேட் தூணில் கையை ஊன்றி ஒரு நிமிஷம் நிற்பாள். புத்தகப்பையின் எடை, சாப்பாட்டு வாளியின் எடை, தன் எடை எல்லாம் ஒவ்வொன்றாகத் தோளுக்கு வந்து சேரும். சேர்ந்ததும் தூணை விட்டுவிட்டு நடப்பாள். "நில்லுட்டி, ஏறட்டும்" என்று பின்னால் நிற்கிறவளிடம் சொல்வார்கள். பல நூறு கைகள் பட்டு அந்தத் தூணில் சுண்ணாம்பு தேய்ந்து போயிருந்தது.

கடைசி மணி அடித்த பிறகு நிறைமாதக்காரிகள் வந்தார்கள். முதலில் வந்தவள் அன்னத்தாய் டீச்சரின் சொந்த மருமகள் என்பதால் டீச்சரால் மறுக்க முடியவில்லை. ஒருத்திக்குத் திறந்த கேட்டை இன்னொருத்திக்குச் சாத்த முடியுமா, கொஞ்ச நாளில் ஊரில் ஏழாம் மாதம் தாண்டிய அத்தனை பேரும் சாயங்காலம் சாயங்காலம் வந்து, இடுப்பில் வைத்த கையை எடுத்துவிட்டு, பெருமூச்சு விட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். அவர்களில் ஒருத்தி பொன்மணி. பதினோராம் வகுப்புப் படிக்கும் செண்பகவடிவின் அக்கா.

பொன்மணி இந்தப் பள்ளியில் படித்தவள்தான். அப்போது பெண்கள் பள்ளிக்கு லேப் கிடையாது. இணைப்புப் பள்ளி என்ற பெயரில், சனிக்கிழமைதோறும் சயின்ஸ் குரூப் பிள்ளைகள் ஒரு டீச்சருக்குப் பின்னால் வரிசையாக, தலையைக் குனிந்துகொண்டு ரோட்டைத் தாண்டி ஆண்கள் பள்ளி லேபுக்குப் போய்வர வேண்டும். ஒரு சனிக்கிழமை மாடி சன்னலிலிருந்து எவனோ ஒருவன் பொன்மணியின் பெயரைச் சொல்லி ஒரு பாட்டுப் பாடினான். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆனால் பாட்டு டீக்கடைக்குப் போய், தீப்பெட்டி ஆபீசில் கட்டு ஏற்றிக்கொண்டிருந்த அப்பாவின் காதுக்குப் போய், திங்கட்கிழமை பொன்மணி பள்ளிக்கூடம் போகவில்லை. அதற்கப்புறம் போகவே இல்லை. பாடியவன் பிளஸ் டூ முடித்து என்ஜினியரிங் சேர்ந்தான் என்று ஊரில் பெருமையாகச் சொன்னார்கள்.

வடிவைப் பதினொன்றில் சேர்க்கும்போது அப்பா கோபமில்லாமல்தான் சொன்னார். "கேர்ள்ஸ் ஸ்கூலு இருக்கவரைக்கும் படி தாயி. ரோட்டத் தாண்டி அங்க வரச்சொன்னாங்கன்னா, படிப்ப விட்டு நின்னுக்கோ." வடிவு அதை மறந்த நாள் இல்லை.

பெண்கள் பள்ளிக்கு லேப் வந்தது அந்த வருஷம்தான். தையல் வகுப்பு நடந்த மாடி அறையைக் காலிசெய்து, ஆண்கள் பள்ளியில் கழித்துப்போட்ட ஸ்டாண்டுகளையும் ஸ்டாப்வாட்ச்சுகளையும் கமிட்டி அனுப்பிவைத்தது. பிசிக்ஸ் எடுக்கும் ரூபாவதி டீச்சர் ஸ்டாண்டுகளைச் சீயக்காய் போட்டுத் துலக்கி அடுக்கினார். கமிட்டி போட்ட வேலை, இன்னும் நிரந்தரம் ஆகாத வேலை, அதனால் எப்போதும் யாரோ கூப்பிட்டது போலத் திரும்பித் திரும்பிப் பார்க்கும் டீச்சர். ஆனால் ஊசலைத் தொங்கவிட்டால் மட்டும் ஆள் வேறு. "குண்டு நடுவத் தாண்டும்போது வாட்ச்ச அமுக்கணும். அப்ப வாயில வரவேண்டியது பூஜ்யம். ஒண்ணுன்னு ஆரம்பிச்சா ஒரு அலைவு களவு போயிரும்" என்று குச்சியால் மேஜையைத் தட்டித் தட்டிச் சொல்லுவார்.

வடிவு பூஜ்யத்திலிருந்துதான் எண்ணினாள். ஒரு மீட்டர் நூல், இருபது அலைவு, நாற்பது செகண்டில் முடியவேண்டியது நாற்பத்தாறுக்கு மேல் இழுத்தது. கணக்குப் போட்டால் புவியீர்ப்பு ஏழு புள்ளி மூன்று. நூலை மாற்றினாள், குண்டை மாற்றினாள், வாட்ச்சை மாற்றினாள், பக்கத்து மேஜை சகாயமேரியை எண்ணச் சொன்னாள். ஏழு புள்ளி மூன்று அசையவில்லை.

"ஒன்பது புள்ளி எட்டுன்னு எழுது" என்றார் டீச்சர்.

"ஆனா டீச்சர், ஏழு புள்ளி மூணுதான் வருது."

"எனக்குத் தெரியாதா என்ன வருதுன்னு? விடைய எழுதிட்டுப் பின்னாடி வா."

விடையிலிருந்து பின்னால் நடந்துவருவது அந்த ஊரில் ஒரு கலை. புத்தகத்தில் ஒன்பது புள்ளி எட்டு இருக்கிறது. அதைக் கடைசிக் கட்டத்தில் எழுதிவிட்டு, அதற்கு எவ்வளவு நேரம் வந்திருக்கவேண்டும் என்று கணக்குப் பார்த்து, நம்பும்படி ஒன்றிரண்டு புள்ளிகளை முன்னே பின்னே தள்ளி ரீடிங் எழுதவேண்டும். ரூபாவதி டீச்சர் இதை ஆண்கள் பள்ளி சந்தோசம் சாரிடம் கற்றார், அவர் அவருடைய சாரிடம் கற்றார், இப்படியே போனால் முதன்முதலில் உண்மையிலேயே அளந்த ஆள் யாரென்று கண்டுபிடிக்க முடியாது. குண்டு தொங்குவது ஒரு மரியாதைக்கு. வடிவும் எல்லாரையும் போல எழுதினாள். எழுதிய கை மட்டும் ரொம்ப நேரம் குறுகுறுத்தது.

இதற்கிடையில் தனுஷ்கோடி அண்ணாச்சிக்கு ஒரு யோசனை வந்திருந்தது. அவர் கெட்டவர் இல்லை, யோசனைகள் வருகிறவர். இந்த மைதானத்தில் எடை குறைவு என்றால் நீளம் தாண்டுகிறவன் எவ்வளவு தூரம் போவான் என்று நினைத்துப்பார்த்து, ஆண்கள் பள்ளி அணியை ஞாயிற்றுக்கிழமைதோறும் இங்கே கொண்டுவந்து பழக்கினார். பையன்கள் மணல்குழிக்கு அந்தப்பக்கம் போய் விழுந்தார்கள், குழியை இரண்டு தடவை நீட்டிவெட்ட வேண்டியிருந்தது. ஊரே வேன் பிடித்து மாவட்டப் போட்டிக்குப் போனது. அங்கே மண் எல்லா ஊர் மண்ணையும் போல இழுத்தது. மெதுவாக இறங்கப் பழகிய கால்கள் ஓடும்போதே தடுமாறி, சாத்தங்குறிச்சிப் பையன்கள் காலூன்றும் பலகைக்குப் பக்கத்திலேயே பொத் பொத்தென்று உட்கார்ந்து, கடைசி இடமும் அதற்கு முந்தின இடமும் வாங்கித் திரும்பினார்கள்.

வேறு ஆளாக இருந்தால் அதோடு விட்டிருப்பார். அண்ணாச்சி அந்த அவமானத்திலிருந்து இன்னும் பெரிய யோசனையோடு எழுந்தார்: நம் பையன்கள் வெளியே போய்த் தாண்டுவதற்குப் பதில், போட்டியே இங்கே வந்துவிட்டால்?

பிராக்டிகல் பரீட்சைக்கு முந்தின நாள் தலைமையாசிரியைக்கு டீ கொண்டுபோகும் முறை வடிவுக்கு. டீச்சர் அறையில் இல்லை. வராந்தாத் தூணுக்கு அந்தப் பக்கம் அண்ணாச்சியும் சந்தோசம் சாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். டீ கொண்டுவரும் பெண்பிள்ளைக்குக் காது உண்டு என்பது இருவருக்கும் தோன்றவில்லை.

"நாளைக்கு எக்ஸ்டர்னல் வந்து ஒன்பது புள்ளி எட்டுன்னு கையெழுத்துப் போட்டுட்டாருன்னா போதும் சார்" என்றார் அண்ணாச்சி. "இந்த எடம் நார்மல்னு கவர்மெண்டு ஆளே எழுதுன மாதிரி. அத வச்சு ஸ்போர்ட்ஸ்காரங்களுக்கு மனுப் போட்டுருவேன். மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி, எல்லாம் இங்கதான். ஸ்டேடியமே கட்டிப்புடலாம்."

"பிள்ளைங்க?"

"ஜூன்ல உங்க பக்கம் வந்துருவாங்க. பின்னால அந்த ஓட்டுக் கட்டடம் சும்மாதான கெடக்கு. லேபும் ஒரே லேபாப் போச்சு."

"வேற வேல்யூ வந்துச்சுன்னா அண்ணாச்சி?"

"வந்து அது பேப்பர்ல ஏறிருச்சுன்னா, இங்க தாண்டுற தாண்ட எவன் சார் ரெக்கார்டுல சேப்பான்? சும்மா தந்தாலும் இந்த மைதானம் யாருக்கும் வேண்டாம். அதெல்லாம் வராது. அன்னத்தாய் டீச்சர்ட்ட, வேல்யூ தப்பினா லேபுக்கு அங்கீகாரம் போயிரும்னு சொல்லிவச்சிருக்கேன். அந்தம்மா பாத்துக்கிடும்."

வடிவு சட்டென்று திரும்பியதில் டம்ளர் சாய்ந்து டீ தட்டில் சிந்தியது. மெதுவாகத்தான் சிந்தியது.

மாடிக்கு ஓடி ரூபாவதி டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். டீச்சர் கேட்டுக்கொண்டே ஒரு குண்டைத் துடைத்தார், துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

"பெரிய டீச்சர்ட்ட சொல்லிருவோம் டீச்சர்."

"சொன்னா நம்புவாங்களா? இல்ல நம்பிட்டுத்தான் எதுத்துப் பேசுவாங்களா? ரிட்டயர்மெண்டுக்கு இன்னும் கொஞ்ச மாசந்தான் இருக்கு அவங்களுக்கு." குண்டை வைத்துவிட்டு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நீ சொன்னத நான் கேக்கலட்டி. எனக்கு ரெண்டு பிள்ளைங்க. போ."

மறுநாள் குடத்தில் தண்ணீர் பிடித்துவரும்போது வடிவு அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். ஒன்பது புள்ளி எட்டு எழுதினால் பள்ளிக்கூடம் ரோட்டைத் தாண்டும், அவள் நின்றுகொள்ள வேண்டும். ஏழு புள்ளி மூன்று எழுதினால், வருகிற எக்ஸ்டர்னல் அவளைப் பைத்தியம் என்று நினைத்துப் பெயில் போடலாம், லேப் சரியில்லை என்று எழுதலாம், அதைச் சாக்காக வைத்தும் அண்ணாச்சி இவர்களை ரோட்டைத் தாண்ட வைக்கலாம். எந்தப் பக்கம் போனாலும் பயமாகத்தான் இருந்தது. காலையில் ஒரு இட்லிகூட இறங்கவில்லை.

பரீட்சை பார்க்க வெளியூரிலிருந்து எக்ஸ்டர்னலாக வந்தவர் குற்றாலிங்கம் சார். பருத்த மனிதர், இரண்டு முழங்காலிலும் தேய்மானம், பஸ் ஸ்டாண்டிலிருந்து கேட் வரைக்கும் சாய்ந்து சாய்ந்து வந்தார். கேட்டைத் தாண்டி நாலு எட்டு வைத்தவர் நின்றார். குனிந்து முழங்காலைப் பார்த்தார். மாடிப்படியைக் கைப்பிடியைத் தொடாமல் ஏறினார். மேலே போனவர் ஏதோ மறந்துவிட்டதுபோல இறங்கி, இன்னொரு தடவை ஏறினார். புதிதாக மாற்றிய மாத்திரை வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டு சந்தோஷமாக நாற்காலியில் உட்கார்ந்தார். அன்னத்தாய் டீச்சர் அவருக்குத் திருநெல்வேலி அல்வா வைத்த தட்டை நீட்டிவிட்டு, பிள்ளைகளை ஒரு சுற்று முறைத்துவிட்டுப் போனார். வராந்தாவில் ஃபேனுக்கு அடியில் தனுஷ்கோடி அண்ணாச்சி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

பரீட்சைச் சீட்டுகளை மடித்து ஒரு சாக்பீஸ் டப்பாவில் போட்டிருந்தார்கள். வடிவு எடுத்ததில் ஸ்பிரிங் சோதனை வந்தது. உள்ளுக்குள் ஒரு நொடி அப்பாடா என்றிருந்ததை அவளால் மறுக்க முடியாது. அதற்காக அவளுக்குத் தன்மேலேயே வெட்கமாகவும் இருந்தது. ஊசல் சோதனை, அவளுக்குப் பின்னால் நின்ற சகாயமேரிக்கு வந்திருந்தது. சகாயமேரி விடையிலிருந்து பின்னால் வருவதில் வகுப்பிலேயே கெட்டிக்காரி, அழகான கையெழுத்து, ஒன்பது புள்ளி எட்டை எழுதி அடியில் இரண்டு கோடும் போடுவாள்.

நம்பர் பதியும் வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. "எனக்குத் தா" என்றாள் வடிவு, உதட்டை அசைக்காமல்.

"என்னத்துக்குட்டி? ஒனக்கு ஈசியானதுதான வந்துருக்கு."

"அதான் ஒனக்குத் தாரேன். தா மேரி."

சீட்டுகள் பாவாடை மடிப்புக்குள் கைமாறின. ரூபாவதி டீச்சர் பார்த்தார். பார்த்துவிட்டு, யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பி நின்றுகொண்டார்.

வடிவு நூலை அளந்தாள், குண்டை இழுத்துவிட்டாள், நடுவைத் தாண்டும்போது வாட்ச்சை அமுக்கி பூஜ்யம் என்றாள். அளந்ததையெல்லாம் எழுதினாள். கடைசிக் கட்டத்தில் ஏழு புள்ளி மூன்று என்று எழுதும்போது பேனா மை கையெல்லாம் ஆகியிருந்தது. மற்ற பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக முடித்து நின்றார்கள்.

குற்றாலிங்கம் சார் அவள் தாளைப் பார்த்தார், கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திரும்பப் பார்த்தார். அவர் நல்ல மனிதர், பிள்ளைகளைப் பெயில் போட விரும்பாதவர்.

"எங்கயோ இடிக்குதும்மா" என்றார் தணிந்த குரலில். "அலைவு ஏதோ கூட எண்ணிட்ட. போய் ஒன்பது புள்ளி எட்டு வர்ற மாதிரி எழுதிக் கொண்டா. நேரமிருக்கு."

"கூட எண்ணல சார்."

"அப்ப வாட்ச் கோளாறு. எழுதிக் கொண்டா, போ."

"வேற வாட்ச்லயும் பாத்தேன் சார். அதேதான் வருது."

வராந்தாவில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது, அண்ணாச்சி வாசலில் வந்து நின்றார். "என்ன சார்? பிள்ளைக்கு ஒழுங்காச் செய்யத் தெரியலன்னா அந்த மார்க்கக் கொறச்சிக்கோங்க. வேல்யூவ டீச்சரே சரியா எழுதித் தந்துருவாங்க. என்ன டீச்சர்?"

எல்லாரும் ரூபாவதி டீச்சரைப் பார்த்தார்கள். டீச்சர் புடவை முந்தானையை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டிருந்தார்.

"அவ சரியாத்தான் செஞ்சிருக்கா" என்றார். "ஒன்பது புள்ளி எட்டுன்னு எழுதச் சொல்லிக் குடுத்தது நான்தான் சார். அளக்கச் சொல்லிக் குடுத்ததும் நான்தான். நீங்களே ஒரு தடவ அளந்து பாத்துருங்க."

குற்றாலிங்கம் சார் தாளைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து மேஜைக்கு வந்தார். அவர் கடைசியாக எப்போது ஒரு குண்டை இழுத்துவிட்டார் என்று அவருக்கே ஞாபகம் இருந்திருக்காது. வாட்ச்சை அமுக்கினார், உதட்டுக்குள் எண்ணினார், அறையில் இருந்த அத்தனை பேரும் கூடவே எண்ணினார்கள். நாற்பத்தாறரை செகண்டு. முகத்தைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை எண்ணினார். பிறகு குனிந்து, வெகுநேரம், தன் முழங்கால்களைப் பார்த்தார்.

"எதிர்ல உள்ள ஸ்கூல்ல லேப் இருக்குல்லா?" என்றார். "ஸ்டாண்ட எடும்மா. நூலயும் குண்டயும் மாத்தாத. வாட்ச்ச நான் கொண்டு வாரேன்."

"பரீட்சைய விட்டுட்டு எங்க சார் போறீங்க?" என்றார் அண்ணாச்சி.

"பரீட்சைக்குத்தான் போறேன்" என்றார் குற்றாலிங்கம் சார்.

இப்படியாக, அக்காவைப் படிப்பிலிருந்து நிறுத்திய ரோட்டை வடிவு முதல்முறையாகத் தாண்டினாள். முன்னால் யாரும் இல்லை. இரும்பு ஸ்டாண்டை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் முதலில் போக, பின்னால் குற்றாலிங்கம் சார், அதற்குப் பின்னால் முந்தானையை முறுக்கியபடி ரூபாவதி டீச்சர், அதற்கும் பின்னால் அண்ணாச்சி. கேட்டில் அவள் நின்று தூணில் கையை ஊன்றினாள், ஸ்டாண்டு கனத்தது, தோள் கனத்தது. பின்னால் வந்த குற்றாலிங்கம் சாரின் முழங்கால் மடங்கி, "அம்மா" என்று அவரும் தூணைப் பிடித்துக்கொண்டார். "கொஞ்சம் நில்லுங்க சார், ஏறட்டும்" என்றாள் வடிவு. அவர் அவளைப் பார்த்தார். இருவரும் நின்று, எடை ஏறியபிறகு நடந்தார்கள். ஆண்கள் பள்ளி மாடி சன்னல்களில் தலைகள் நிறைந்தன. பாட்டு வரும் என்று வடிவு காதைத் தயாராக வைத்திருந்தாள். ஸ்டாண்டைத் தூக்கி வருகிறவளுக்குப் பாடுவதற்கு அவர்களிடம் பாட்டு இருக்கவில்லை.

சந்தோசம் சாரின் லேபில், சந்தோசம் சாரின் மேஜையில், அவள் ஸ்டாண்டை வைத்தாள். நூலைத் தொங்கவிட்டாள். குண்டு ஆடி ஓய்ந்து நேராகும்வரை காத்திருந்தாள். இழுத்துவிட்டு, நடுவைத் தாண்டும்போது, வாய்விட்டு, பூஜ்யம் என்றாள். அந்த அறையில் இதுவரை ஒரு பெண்பிள்ளை வாய்விட்டு எண்ணியது கிடையாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று அவள் குரல் பத்தைத் தாண்டியதும் உயர்ந்து, இருபது என்றபோது குற்றாலிங்கம் சார் வாட்ச்சை அமுக்கினார். நாற்பது செகண்டு. ஒன்பது புள்ளி எட்டு.

குற்றாலிங்கம் சார் அங்கேயே உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

"சார், அத எழுதாதீங்க" என்றார் அண்ணாச்சி. அதட்டவில்லை, கெஞ்சினார். "ஊருக்கு ஒரு நல்லது வரப்போகுது. நீங்க எழுதிட்டா எல்லாம் வீணாப் போயிரும்."

"அண்ணாச்சி, சர்வீஸ் முழுக்க ஊர் ஊராப் போய்க் கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்றார் குற்றாலிங்கம் சார், எழுதிக்கொண்டே. "எல்லாப் பிள்ளையும் எனக்கு ஒன்பது புள்ளி எட்டுத்தான் தந்துச்சு. ஒண்ணும் அளந்து தரல. நானும் அளக்கல. இந்தப் பிள்ளைதான் அளந்து தந்திருக்கு. இத எழுதலன்னா, நான் இவ்வளவு நாளு என்ன மயிருக்கு இந்த வேலைக்கு வந்தேன்?"

பெண்பிள்ளை முன்னால் அப்படிச் சொன்னதற்கு உடனே மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். ஆனால் எழுதியதை அடிக்கவில்லை: அதே நூல், அதே குண்டு, அதே மாணவி; பெண்கள் பள்ளி வளாகத்தில் ஏழு புள்ளி மூன்று, வெளியே ஒன்பது புள்ளி எட்டு, கருவியில் குறை இல்லை. கீழே கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் ரூபாவதி டீச்சரும் போட்டார், கடைசி எழுத்து கோட்டுக்கு வெளியே போய்விட்டது.

பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். அண்ணாச்சியின் மனு போன வேகத்தில் திரும்பிவந்தது. சாத்தங்குறிச்சியில் தாண்டிய தூரத்தை எந்த ஊரிலும் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று ஆகிவிட்டது. ஜூன் மாதம் எந்தப் பிள்ளையும் ரோட்டைத் தாண்டவில்லை. ரூபாவதி டீச்சரின் வேலை நிரந்தரமாக இன்னும் ரொம்ப நாள் ஆயிற்று, அப்படி ஆகும்படி அண்ணாச்சி பார்த்துக்கொண்டார். நீட்டிவெட்டிய மணல்குழியில் இப்போது எட்டாம் வகுப்புக் குழந்தைகள் குதிக்கிறார்கள்.

ஆனால் இதெல்லாம் அப்புறம். அன்றைக்குச் சாயங்காலம் வடிவு ஸ்டாண்டைத் திருப்பிக் கொண்டுவந்து லேபில் வைத்துவிட்டு, தன் பயம் அப்போதுதான் தன்னை வந்து பிடிக்க, பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். கடைசி மணி அடித்து, நிறைமாதக்காரிகள் மைதானத்தில் நடக்க ஆரம்பித்திருந்தார்கள். பேச்சு அவர்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. பொன்மணி வயிற்றைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்து வாசலில் நின்றாள்.

"அங்க போய் அளந்தியாமே?"

"ம்."

"அப்பாவுக்குச் சொல்லியாச்சு. ஏசல. நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு எத்தன மணிக்குப் போகணும்னு கேக்காரு, நின்னுக்கோன்னு சொன்னதே அவருக்கு மறந்துபோச்சு போல." பொன்மணி சிரித்தாள். பிறகு உள்ளே வந்து ஊசலுக்குப் பக்கத்தில் நின்று, தொடாமல் பார்த்தாள். "எங்களுக்கெல்லாம் சந்தோசம் சார் செஞ்சு காட்டுவாரு. நாங்க கையக் கட்டி நின்னு பாப்போம். பிள்ளைங்க தொட்டா நூலு அறுந்துரும்பாரு. நானும் ரெக்கார்டுல ஒன்பது புள்ளி எட்டுன்னு எழுதிருக்கேன். பத்துக்குப் பத்து."

வடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, ஸ்டாப்வாட்ச்சை எடுத்து அக்காவின் கையில் வைத்தாள்.

"நானா? போடி, கோட்டிக்காரி."

"இழுத்து விடுக்கா."

பொன்மணி வாட்ச் இருந்த கையை வயிற்றில் வைத்துக்கொண்டு, மறு கையின் இரண்டு விரலால் குண்டைப் பிடித்து, கொஞ்சமாக இழுத்து, நூல் அறுந்துவிடுமோ என்று ஒரு கணம் பார்த்து, விட்டாள். நூல் அறுபடவில்லை. குண்டு நிதானமாக, அந்த வளாகத்தின் நிதானத்தில், போய்த் திரும்பியது.

"ஒண்ணு" என்றாள்.

"இல்லக்கா. ஒண்ணுக்கு முன்னால இருந்து."

பொன்மணி குண்டைப் பிடித்து நிறுத்தினாள். கீழே பெண்கள் பேசிக்கொண்டே நடக்கும் சத்தம் கேட்டது. மறுபடியும் இழுத்து விட்டாள், குண்டு நடுவைத் தாண்டியபோது கட்டைவிரலால் வாட்ச்சை அழுத்தினாள்.

"பூஜ்யம்" என்றாள் பொன்மணி.